கீழே இருந்த அரை மணி நேரம்

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்டுக் கேட்டுத் தானாகப் படிந்துவிடும். எழுந்து நின்று முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, இந்த நேரத்தைக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்க வேண்டும். அடுத்தது, ஆண்டவரை அறியாத காலத்தில் எப்படி இருந்தோம் என்பது. அங்கே எவ்வளவு கஷ்டம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிறகு அவர் நம்மைச் சந்தித்த விதம். கடைசியில் இப்போதுள்ள சந்தோஷம். உட்காரும்போது ஒரு அல்லேலூயா. தீராத தலைவலி தீர்ந்ததிலிருந்து பங்காளி போட்ட கேஸ் தள்ளுபடியானது வரை எல்லாச் சாட்சியும் இந்த அச்சில் வார்த்துத்தான் வெளியே வரும்.

என் சாட்சி அவற்றில் பேர்போனது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சபைக்குப் புது ஆள் யாராவது வந்தால் பாஸ்டரின் கண் பெண்கள் பக்கத்து முதல் வரிசைக்கு வரும். நான் புரிந்துகொண்டு எழுந்து நிற்பேன். போளூர், செங்கம் என்று பக்கத்து ஊர்ச் சபைகளுக்கும் கூப்பிட்டார்கள். "உங்க சாட்சியைக் கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கலீங்க சிஸ்டர்" என்று யாராவது கையைப் பிடித்துச் சொல்லாமல் நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை. இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சபை, பைப்பும் தண்ணீர்த் தொட்டியும் விற்கும் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஊரே சாமியாகக் கும்பிடும் மலை தெரியும். மலை தெரியாத ஜன்னல் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? பாஸ்டர் ஒருமுறை அந்தப் பக்கம் திரை போட்டுப் பார்த்தார். புழுக்கம் தாங்காமல் அவரே கழற்றிவிட்டார். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளை அழுதால் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்காக அங்கே ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருக்கும். அதில் வருவது தெருவிலும் நன்றாகக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை. கார் வைத்து ஓட்டுகிறார். சென்னை விமான நிலையத்திலிருந்து ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கு வெள்ளைக்காரர்களை அழைத்துவருவதுதான் முக்கால்வாசிச் சவாரி. ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லையென்றால் என்னைச் சபையில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்பார். மதம் மாறியதற்காக என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேலி மட்டும் உண்டு. "உங்க சபைக்காரங்களும் என் வண்டியில வர்ற வெள்ளக்காரங்களும் ஒண்ணுதாம்மா. திண்டிவனம் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவாங்க. முன்னாடி நான் இப்படி இருந்தேன், இந்த மலைக்கு வந்தேன், இப்ப இப்படி ஆயிட்டேன். எல்லாருக்கும் அந்த ஒரே கதைதான்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். நான் டீச்சராக வேலை பார்க்கும் தனியார் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்புப் படித்தாள். அந்த வருஷம் மழை முடிந்த கையோடு ஊரெங்கும் காய்ச்சல். அவளுக்கும் வந்தது. விட்டதுபோல் இருந்து மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், இன்னொருவர் வெளியே. நாங்கள் மாற்றி மாற்றி இருந்தோம். அதிகமும் நான்தான் இருந்தேன். அவர் உள்ளே வந்தால் எனக்கு நம்பிக்கை இருக்காது. டிரிப்ஸ் ஓடுகிறதா என்று இவருக்குப் பார்க்கத் தெரியுமா என்றிருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் அவர் உள்ளே வந்து, "நீ போய் எதனா சாப்பிட்டு வா, விழுந்துடப் போற" என்றார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்பதற்காக என் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் அடியில் ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவருடைய மகனுக்குக் காலில் ஆபரேஷன், பக்கத்து வார்டில் இருந்தான். நாங்கள் முன்பு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்ததும் டிபன் பாக்ஸின் மூடியில் புளிசாதத்தை அள்ளிப் போட்டு நீட்டினார். மறுக்கத் தோன்றாமல் வாங்கித் தின்றேன். தின்று முடித்ததும், "உனக்காகவும் குழந்தைக்காகவும் ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டார். அதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. முடி காணிக்கை, கூழ் ஊற்றுவது, அம்மன் பாதத்துக்கு வெள்ளிக் காப்பு என்று என்னென்னவோ வாய்க்கு வந்ததெல்லாம் நேர்ந்திருந்தேன். இதுவும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன். அவர் என் தலைமேல் கையை வைத்தார். நான் கண்ணை மூடினேன்.

அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எத்தனையோ தடவை சொல்லிவிட்டதால் அதற்கு இப்போது புது வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ நிறுத்தியதுபோல் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதானே தெரியும்? அந்த அம்மா ஜெபத்தை முடித்த பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, மொத்தத்தில் அரை மணி நேரம் கீழே இருந்திருப்பேன்.

மாடிக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை. "கஷ்டப்பட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா. நிம்மதியா போயிட்டா" என்றார்.

இதுதான் என் சாட்சி. நான் கீழே கண்ணை மூடியிருந்த அதே நேரத்தில் என் மகள் மேலே வலியில்லாமல் கண்ணை மூடினாள். எனக்கு வந்த நிம்மதியும் அவளுக்கு வந்த நிம்மதியும் ஒரே கையிலிருந்து வந்தவை. பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த ஆண்டவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம். பிள்ளையைக் கொடுத்துவிட்டும் நான் சொன்னேன். அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. புளிசாதம் கொடுத்த அந்த அம்மா மறுவருஷம் என்னைத் தேடி வந்து சபைக்கு அழைத்துப்போனார். ஒரு கிணற்றடித் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தேன். என் மாமியார் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். இவர் மட்டும், "அதுக்கு அங்க நிம்மதி கிடைச்சா போவட்டும், விடும்மா" என்றார்.

அவர் வேறொரு பக்கம் திரும்பினார். மகள் இருந்தவரை பௌர்ணமி என்றால் அவருக்குச் சவாரி நாள். ஊரே கிரிவலம் சுற்றும்போது இவர் பஸ் ஸ்டாண்டுக்கும் லாட்ஜுக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார். மகள் போன பிறகு பௌர்ணமி அன்று காரை எடுப்பதை விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் மலையைச் சுற்ற ஆரம்பித்தார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன ஜெபிக்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை. மகளின் பேரை வீட்டில் இரண்டு பேரும் எடுப்பதில்லை. சண்டையே கிடையாது. அக்கம்பக்கத்தில் எங்களை உதாரணம் காட்டுவார்கள். ஒரு நல்ல சண்டை வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சாட்சி சொல்லச் சொல்ல மெருகேறியது. முதலில் டிரிப்ஸ், பிளேட்லெட் என்று நீட்டி முழக்கினேன். அது தானாகக் குறைந்தது. பாஸ்டர் நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். ஒருநாள் கூட்டம் முடிந்து என்னை ஓரமாக அழைத்து, "சிஸ்டர், 'அதே நேரத்துல'ன்னு சொல்றீங்க பாருங்க, அங்க கொஞ்சம் நிறுத்துங்க. சனங்க மனசுல இறங்கட்டும்" என்றார். அடுத்த வாரம் நிறுத்தினேன். சபையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல். நானும் அழுதேன். அந்தச் சில நொடிகளில் என் மகள் எங்கள் எல்லோருக்கும் நடுவில் இருப்பதுபோல் இருந்தது. வீட்டில் பேரைச் சொல்ல முடியாதவளை இங்கே எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. நான் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு ஆண்டவர் ஒரு காரணம் என்றால் அது இன்னொரு காரணம்.

'அதே நேரத்துல' என்ற அந்த இடம் வரும்போது கீழே எங்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்கும். அவர் அடுத்த தெரு டீக்கடைக்குப் போய்விடுவார். ஜன்னலோரம் உட்காரும் ஒரு சகோதரி இதைக் கவனித்து என்னிடம் சொல்லவும் செய்தார். பிள்ளை ஞாபகம் தாங்க முடியவில்லை, பாவம், என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். அவருடைய இரட்சிப்புக்காக இன்னும் உருக்கமாக ஜெபித்தேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் பாஸ்டர் என்னை ஒரு வீட்டுக்கு வரச்சொன்னார். கீழ்பென்னாத்தூர் பக்கம். எங்கள் சபைச் சகோதரி ஒருவருக்குத் தூரத்துச் சொந்தம், சாமி கும்பிடும் குடும்பம். எட்டு வயதுப் பையனுக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு. செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். "அந்தப் பொண்ணு ரொம்ப ஒடைஞ்சு போயிருக்கு. உங்க சாட்சிதான் அதுக்கு மருந்து" என்றார் பாஸ்டர். சபை வேனுக்கு அன்று வேறு வேலை. நாங்கள் எங்கள் காரிலேயே போனோம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார்.

அவர் எப்போதும்போல வெளியே காரில் இருந்திருப்பார். அன்று பார்த்து மழை கொட்டியது. அந்த வீட்டுப் பெரியவர் குடையோடு போய், உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதமாகக் கூட்டிவந்து கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்றைக்கு அவர் எழுந்து போக முடியாது, முழுதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுமாம். அவன் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "காலு ஜில்லுனு ஆயிடுதுக்கா. அதான் தேய்ச்சினே இருக்கேன்" என்றாள். நாங்கள் வந்த பிறகும் கையை நிறுத்தவில்லை.

நான் சொன்னேன். ஆஸ்பத்திரி, புளிசாதம், புங்க மரம். 'அதே நேரத்துல' என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் அழவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள், எது வரும் எது வராது என்று பிள்ளைகள் என் வாயையே பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"அக்கா, நீங்க கீழ உக்காந்து ஜெபம் பண்ணதாலதான் உங்க பாப்பா கஷ்டப்படாம போச்சா?"

நான் ஒருபோதும் 'அதனால்' என்று சொன்னதில்லை. அதே நேரத்தில் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு வருஷமும் கேட்டவர்கள் எல்லோரும் 'அதனால்' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். நான் பதில் தேடுவதற்குள் பாஸ்டர், "விசுவாசத்துக்கு ஆண்டவர் எறங்குவார்ம்மா" என்றார்.

"அப்ப நானும் வரேங்க. வெள்ளிக்கிழமை உங்க சபையில உபவாச ஜெபம்னு சொன்னாங்க. காலையில வந்து சாயந்தரம் வரைக்கும் முழங்கால்லயே இருக்கேன். இவன் பொழைக்கணும்னு கேக்க மாட்டேன். மூச்சுக்குத் தவிக்காம இருந்தா போதும். எங்க மாமியார் இவனைப் பாத்துக்கும்."

"வாங்கம்மா. வேன் அனுப்பறோம்" என்றார் பாஸ்டர்.

"போவாதீங்கம்மா."

கதவோரத்திலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் எழுந்து நின்றிருந்தார்.

"பையன் பக்கத்துலயே இருங்க. கண்ணு முழிச்சான்னா உங்களைத்தான் தேடுவான்."

பாஸ்டர் சிரித்த முகத்தோடு, "பிரதர், ஆண்டவர் பாத்துப்பார்" என்றார்.

"ஆண்டவர் பாக்கட்டுங்க ஐயா. அம்மாவும் பாக்கட்டும்" என்றார் அவர். பிறகு மழையிலேயே இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பாஸ்டர் முன் சீட்டில் உட்கார்ந்து, ஏரி நிரம்பியதைப் பற்றியும் மல்லாட்டைப் பயிரின் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவரை வீட்டில் இறக்கினோம். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நான், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். என் சாட்சியின் முகத்தில் கரி பூசிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். அவர் காரை ஓரம் கட்டினார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாப்பா தூக்கத்துல போவல."

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது. "என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நீ போன கொஞ்ச நேரத்துல முழிச்சிகிச்சு. மூச்சு வாங்குச்சு. 'அம்மா எங்க'ன்னு கேட்டுச்சு. சாப்பிடப் போயிருக்கு, இப்ப வந்துடும்னேன். திரும்பவும் கேட்டுச்சு. டாக்டருங்க நர்சுங்க எல்லாம் சுத்தி வந்து நின்னுட்டாங்க. அவங்க நடுவுல இருந்த சந்து வழியா கதவையே பாத்துனு இருந்துச்சு. கதவு தொறக்கறப்பல்லாம் தலையைத் தூக்கிப் பாக்கும்."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"உன் போன் அதுகிட்டதான இருந்துச்சு. என் வெரலைப் புடிச்சினு இருந்துச்சு. வுட்டுட்டு எப்படி வருவேன்? யாராவது கூப்பிடுங்கன்னு கத்தினேன். யாருக்குக் கேட்டுச்சோ."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்புறம் ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தினேன். கார் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததால் வெளியே கேட்டிருக்காது.

"கஷ்டப்பட்டாளான்னு கேட்ட. உன் மூஞ்சியைப் பாத்தேன். வேற இன்னா சொல்றது? ஒரு தரம்தாம்மா சொன்னேன். நீ அதை ஊர் ஊரா எடுத்துனு போயிட்ட. நடுவுல எப்ப வந்து நான் நிறுத்தறது?"

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். மகளைப் புதைத்த அன்றும் அழாதவர். நான் சாட்சி சொன்ன ஞாயிறெல்லாம், அவள் நிம்மதியாகப் போனதாக அந்த ஸ்பீக்கரில் வரப்போவது தெரிந்தே, அவர் மட்டும் கதவையே பார்த்த அவள் கண்ணை மனதில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடவும் பயமாக இருந்தது. மரத்தடியில் எனக்கு வந்த நிம்மதி பொய்யில்லை, அதை நான் கற்பனை செய்யவில்லை. என் பிள்ளை என்னைத் தேடித் தேடித் தலையைத் தூக்கிய நேரத்தில் எனக்கு அதைக் கொடுத்தது யார்? எதற்காகக் கொடுத்தார்? எனக்கு அந்த நிம்மதி வேண்டாம், 'மேலே போ' என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதுமே. இதை அன்றிலிருந்து ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க நான் வேதத்தைத் திறக்கவில்லை. வகுப்பில் ஏதோ சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் சமைத்தேன். வியாழக்கிழமை சாயந்தரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் நாளைக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன்.

நான் போனபோது சபை வேன் வாசலில் நின்றிருந்தது. அவள் தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சேலை கட்டி, யாரோ கொடுத்த பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்றாள். என்னைப் பார்த்ததும், துணைக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது. பையன் விழித்திருந்தான். மாமியார் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன். ஸ்தோத்திரம் சொல்லவில்லை, முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது அப்படி நடக்கலம்மா. என் பொண்ணு நிம்மதியா போகல. என்னைக் கேட்டுக் கேட்டுப் பாத்திருக்கா. நான் கீழ உக்காந்து கண்ணை மூடிட்டு இருந்தேன். எனக்கே இப்பதான் தெரியும்."

அவள் முகம் மாறியது. அவ்வளவு கோபத்தை என்மேல் யாரும் காட்டியதில்லை.

"அப்ப இவனும் தவிச்சிதான் போவானா? அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தீங்களா? ஒரு வாரமா அதை நெனச்சிதாங்க்கா சோறு தின்னேன்."

"எப்படிப் போவான்னு எனக்குத் தெரியாதும்மா. நீ கூட இரு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் பையிலிருந்த பைபிளை எடுத்து அடுப்பு மேடையில், என் பக்கமாக, வைத்தாள். கூடத்துக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். பையனின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போகலாமா என்று வேன்காரர் கேட்டதற்கு மாமியார்தான் இல்லை என்று சொல்லி அனுப்பினார். நான் சிறிது நேரம் நின்றேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பைபிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும் சிஸ்டர். அதைக் கேட்டு யாருக்கு விசுவாசம் வரும்?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன். கொஞ்ச காலம் சாட்சி சொல்ல வேண்டாம், மனசு தேறட்டும் என்றார். தலையாட்டினேன். இன்றும் நான் சபைக்குப் போகிறேன். பாடுகிறேன், முழங்கால் போடுகிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். சாட்சி நேரம் வரும்போது மட்டும் பாஸ்டர் ஆண்கள் பக்கமாகப் பார்க்கிறார்.

அடுத்த வாரத்திலேயே பையன் போய்விட்டான். சேதி வந்ததும் என் வீட்டுக்காரர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். வாசலில் பந்தல் இருந்தது, பறைச் சத்தம் ஓய்ந்திருந்தது. பையனை எடுத்துப்போய் அடக்கமும் முடிந்திருந்தது. அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தால் வெளியே போகச் சொல்லுவாள் என்று நினைத்துக் கதவருகிலேயே நின்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். போய் உட்கார்ந்தேன்.

"ரொம்ப தவிச்சான்க்கா" என்றாள். "ராத்திரி பூரா. விடிஞ்சுதான் அடங்குச்சு. கடைசி வரைக்கும் என்னையேதான் பாத்துனு இருந்தான்."

இதை என்னிடம் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை. அவள் மடியில் தலையைக் கவிழ்த்து அழுதேன். என் மகள் போன பிறகு, சாட்சி சொல்லாமல் நான் அழுதது அன்றைக்குத்தான்.